ரெலிபோன் புத்தகம் வாசித்தவர்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் உங்களால் அவரைக் கண்டுபிடிக்க முடியாது. ஊர் உலகத்தில் இருந்த தமிழர்களின் பெயரையெல்லாம் ரெலிபோன் புத்தகத்தில் விரல் வைத்துத் தேடிய அந்த மனிதரின் பெயர் மட்டும் எந்த ஊர்ப் புத்தகத்திலும் வந்ததில்லை. மெல்பேணில் பிரன்ஸ்விக் பகுதியில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் ரெலிபோன், வீட்டுக்கார இத்தாலியக் கிழவியின் பெயரில் இருந்தது. எனக்கு அவர் அண்ணை. எங்களோடு இருந்த மணியத்துக்கு அண்ணே. அது போதும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. நான் யாழ்ப்பாணத்திலிருந்து எஞ்சினியரிங் படிக்க வந்தவன். மணியம் ஈப்போவிலிருந்து கணக்கியல் படிக்க வந்தவன். அண்ணை எங்களைவிட ஐந்து வயது மூத்தவர். ஏற்கனவே ஒரு பட்டத்தை வைத்துக்கொண்டு இன்னொன்றுக்குப் படித்துக்கொண்டிருந்தார். எதற்கு இரண்டாவது என்று கேட்டால், முதலாவதை ஏன் படித்தேன் என்று அறிந்துகொள்ளத்தான் என்பார்.

மற்றவர்கள் காலையில் பேப்பர் வாசிப்பார்கள். அவர் குசினிக் கதிரையில் ஒரு காலை மடித்துப் போட்டுக்கொண்டு ரெலிபோன் புத்தகம் வாசிப்பார். கையில் ஒரு கட்டைப் பென்சில். எஸ் எழுத்தில் தொடங்குவார். சிவ, சுந்தர, சுப்பிர என்று விரல் இறங்கிக்கொண்டே போகும். எஸ் முடிந்தால் பாதி யாழ்ப்பாணம் முடிந்தது என்பது அவருடைய கணக்கு. பிறகு பி, டி, வி, கே. தமிழ்ப் பெயர் அகப்பட்டால் மெல்லிய கோடு ஒன்று போடுவார். புது வருடப் புத்தகம் வாசலில் வந்து விழுகிற நாள் அவருக்குத் தீபாவளிதான். பழையதையும் புதியதையும் மேசையில் அருகருகே விரித்து வைத்து, யார் புதிதாக வந்திருக்கிறார்கள், யார் வீடு மாறியிருக்கிறார்கள் என்று எங்களுக்குச் செய்தி வாசிப்பார். அன்றைக்கு மெல்பேணில் தமிழர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தார்கள். ஆகவே செய்தி சீக்கிரம் முடிந்துவிடும்.

வாசிப்பதோடு நின்றால் பரவாயில்லை. ரெலிபோன் எடுத்துக் கூப்பிடவும் செய்வார். முன்பின் தெரியாத வீடு. ஆனால் அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். சனி, ஞாயிறு காலை பத்து மணிக்குத்தான் எடுப்பார், ஒரு நிமிடம் முந்தமாட்டார். பன்னிரண்டு மணிக்கு எடுத்தால் சோற்றுக்கு எடுக்கிறான் என்று நினைப்பார்கள், பத்து மணிக்கு எடுத்தால் அவர்களாகவே மத்தியானம் வரச் சொல்வார்கள் என்று விளக்கம் சொன்னார். இது நூற்றுக்கு நூறு பலித்தது என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மூன்று வருடம் அந்தச் சட்டத்தின் புண்ணியத்தில்தான் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்குழம்பு சாப்பிட்டேன்.

ஆனாலும் எனக்கு இது துண்டாகப் பிடிக்கவில்லை. நான் கொஞ்சம் ரோசக்காரன். தெரியாத வீட்டில் போய்ச் சோபாவின் நுனியில் குந்தியிருந்து, நீங்கள் எந்த ஊர், ஆருடைய பிள்ளை என்ற விசாரணைக்குப் பதில் சொல்வது எனக்கு முள்ளின் மேல் இருப்பது போல இருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல், வெட்கமாக இல்லையா, ஆரென்றே தெரியாதவர்களைப் பிடித்து ஏன் கரைச்சல் கொடுக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, பெயர் போடாதேங்கோ எண்டு சொன்னா கொம்பனிக்காரன் போடமாட்டான். போடச் சொன்னவை, ஆரும் கூப்பிடட்டும் எண்டுதானே போடச் சொன்னவை?”

எழும்பிப் போய்விட்டேன்.

ஒருமுறை மூவரும் சிட்னிக்குப் போனோம். மணியமும் நானும் துறைமுகத்துப் பாலத்தைப் பார்க்க நின்ற நேரத்தில் அவர் தபால் நிலையத்தில் சிட்னிப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாயுடு என்று ஒரு பெயர் அகப்பட்டுவிட்டது. பத்து மணிக்கு எடுத்தார். பேசியவர் பீஜித் தீவிலிருந்து வந்து குடியேறியவர். அவருடைய பாட்டன் காலத்தில் கரும்புத் தோட்டத்துக்குப் போன குடும்பம். தமிழில் ஒரு சொல் தெரியாது, தெலுங்கும் தெரியாது, இந்தி கொஞ்சம் தெரியும், அது எங்களுக்குத் தெரியாது. அரைமணி நேரம் ஆங்கிலத்தில் கதைத்து முடித்த அண்ணை, மத்தியானம் வரச் சொல்லிவிட்டார்கள் என்று வந்து நின்றார். போனோம். அந்த வீட்டு அன்ரி ஆட்டிறைச்சிக் கறியும் ரொட்டியும் தந்து, போகும்போது ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாயும் தந்தார். அண்ணை சும்மா இருந்து சாப்பிடுகிற ஆளுமில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் காரியமாகக் குசினிக்குள் புகுந்து வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிடுவார். கதை கேட்டுக்கொண்டே உரிப்பார். அவர் உரித்துக் கொடுத்த வெங்காயத்தை நினைத்தாவது எங்களை மன்னித்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

இனி நான் என் வீட்டுக் கதைக்கு வரவேண்டும். வராமல் இவரைப் பற்றிச் சொல்ல முடியாது.

எனக்கு ஒரு அக்கா இருந்தாள். சரோஜினி. பத்தொன்பது வயதில் நர்ஸ் வேலை படிக்க லண்டனுக்குப் போனவள். போய் மூன்றாம் வருடம், தான் ஒரு வெள்ளைக்காரனைக் கலியாணம் செய்யப் போகிறேன் என்று எழுதினாள். எங்கள் அப்பா கந்தையா, ஊர்த் தபால் கந்தோரின் அதிபர். ஊருக்கு வரும் கடிதம் ஒவ்வொன்றும் அவர் கையைத் தாண்டித்தான் வரவேண்டும். அதன்பிறகு அக்காவிடமிருந்து வந்த கடிதங்களை அவர் உடைக்கவேயில்லை. பெற்றுக்கொள்ள மறுக்கப்பட்டது என்று முறைப்படி எழுதி, முத்திரை குத்தி, தன் கையாலேயே திருப்பி அனுப்பினார். கொஞ்சக் காலத்தில் கடிதம் வருவது நின்றுவிட்டது. மாப்பிள்ளையின் பெயர்கூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது. கப்பலில் எஞ்சினியர் என்று லண்டனிலிருந்து வந்த ஒரு பெண் சொன்னாள். டச்சுக்காரன் என்றாள், பிறகு ஜேர்மன்காரனாகவும் இருக்கலாம் என்றாள். நான் மெல்பேணுக்கு வந்தது அக்காவுக்குத் தெரியாது. அவள் எங்கே இருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. அம்மா எனக்கு எழுதும் கடிதங்களும் அப்பாவின் கந்தோரால்தானே போகவேண்டும்? ஆகவே அவற்றில் அக்காவைப் பற்றி ஒரு வரி இருக்காது. ஆனால் நான் விமானம் ஏறிய அன்று அம்மா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கேயாவது கண்டால் ஒருதரம் பார்த்துவிட்டு வா என்று சொல்லியிருந்தா.

இதை நான் அண்ணையிடம் ஒருநாள் சொன்னேன். அதுதான் நாங்கள் ஐரோப்பாவுக்குப் போனதன் தொடக்கம்.

கோடை விடுமுறை மூன்று மாதம். எங்கள் கோடை ஐரோப்பாவின் கடுங்குளிர் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் விடுமுறை அப்போதுதான் கிடைக்கும். மாணவர்களுக்கான மலிவு விமானத்தில் லண்டன் போய், அங்கிருந்து ரயிலில் ஊர் ஊராகச் சுற்றி, பெப்ரவரியில் குறித்த நாளில் லண்டனுக்குத் திரும்பி வந்துவிட வேண்டும். மணியத்துக்குப் பனி பார்க்க ஆசை. எனக்கு அக்காவைப் பார்க்க வேண்டும். அண்ணைக்கு என்ன ஆசை என்று நான் சொல்லத் தேவையில்லை. விசா எடுக்கப் போன இடத்தில், உங்கள் ஊர் ரெலிபோன் புத்தகம் ஒன்று இங்கே இருக்குமா என்று ஜன்னலுக்குள் இருந்த பெண்ணிடம் கேட்டவர் அவர்.

குளிருக்கான மேற்சட்டைகளைப் பிரன்ஸ்விக்கில் ஒரு தேவாலயத்தின் பழைய உடுப்புக் கடையில் வாங்கினோம். அண்ணை வாங்கியது முழங்காலுக்குக் கீழே இறங்கிய பச்சைக் கோட். நல்ல கனம், நல்ல சூடு. பொத்தான்கள் மற்றப் பக்கத்தில் இருப்பதை லண்டனில்தான் மணியம் கவனித்தான்.

“அண்ணே, இது பொம்பளைங்க கோட்டு லா.”

அண்ணை குனிந்து பார்த்தார். குளிருக்கு அது தெரியவா போகிறது என்று சொல்லிவிட்டு, பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு நடந்தார். ஐந்து நாட்டிலும் அந்தக் கோட்டோடுதான் திரிந்தார்.

லண்டனில் அக்கா வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ்மாருக்குப் பொறுப்பாக இருந்த பெண்மணிக்கு அவளை நினைவிருந்தது. கால் முறிந்து வந்து படுத்திருந்த ஒரு கப்பல்காரனைத்தான் கட்டினாள் என்று சிரித்தார். அவனுடைய பெயர் அவருக்கு ஞாபகமில்லை, எங்கே போனார்கள் என்பதும் தெரியவில்லை. கடலைத் தாண்டி, அவ்வளவுதான் தெரியும். எனக்கு மனம் சோர்ந்துபோனது. அண்ணை மட்டும் தெம்பாக, கப்பல்காரன் என்றால் துறைமுகம் உள்ள ஊரில்தானே இருப்பான், மூன்று நான்கு ஊர்தான் வரும் என்றார்.

அங்கேதான் எனக்கும் அவருக்கும் முதல் வாக்குவாதம் வந்தது. ஒவ்வொரு ஊர்ப் புத்தகத்திலும் கந்தையா என்ற பெயரைத் தேடப் போவதாகச் சொன்னார். கலியாணம் முடித்தவள் புருஷனின் பெயரில்தானே இருப்பாள், இதில் கந்தையாவைத் தேடி என்ன பிரயோசனம், கொஞ்சமாவது யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். ஓம், நீ சொல்லுறதும் சரிதான் என்றார். சரி என்று சொன்னால் அவர் கேட்கப் போவதில்லை என்று அர்த்தம். இது எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

பாரிஸில் மணியம் முதல் தடவையாகப் பனியைக் கண்டு, வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்த்து நின்றான். ஈஃபில் கோபுரத்துக்குக் கீழே நின்றுகொண்டு அண்ணை ஒரு பொலிஸ்காரரிடம் தபால் நிலையம் எங்கே என்று கேட்டார். அந்த ஊர்ப் புத்தகத்தில் அவருக்குப் பெரிய வேட்டை. புதுச்சேரிப் பக்கத்து ஆட்கள் பலர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று அங்கே குடியிருந்தார்கள். பத்து மணிக்கு ஒரு நம்பரைச் சுழற்றினார். பிரெஞ்சில் ஒரு குரல் கேட்டது. இவர் வணக்கம் என்றார். பிறகு அந்தக் குரல் சந்தேகத்தோடு, “யாருங்க பேசுறது?” என்றது.

மத்தியானம் அந்த ஓய்வுபெற்ற சிப்பாய் வீட்டில் நீட்டு ரொட்டிப் பாணைப் பிய்த்து ரசத்தில் தோய்த்துச் சாப்பிட்டோம். எத்தனையோ நாளைக்குப் பிறகு மூக்கு அடைப்பு விட்டது. பெரியவர் சந்தோசத்தில் பழைய மெடல்களையெல்லாம் எடுத்துக் காட்டினார். பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து பேர் எங்களைப் பார்க்க வந்தார்கள். எல்லாரும் கூடியிருந்த நேரத்தில் அண்ணை, வெங்காயம் உரித்த கையைத் துடைத்துக்கொண்டே, இந்தத் தம்பியின் அக்கா ஒருத்தி இப்படி வெள்ளைக்காரனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள், தகப்பன் கோபத்தில் கடிதத்தைத் திருப்பிவிட்டார், உங்களில் ஆருக்காவது தெரியுமா என்று கேட்டுவிட்டார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு மனுசி உச்சுக்கொட்டினா. எனக்கு உடம்பு முழுக்க எரிந்தது.

வெளியே தெருவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

“என்ர வீட்டுக் கதையை வீடு வீடாக் கொண்டுபோய் விக்கிறதுக்கு உங்களுக்கு ஆர் உத்தரவு தந்தது? இனி நீங்கள் எனக்காகத் தேட வேண்டாம்.”

அவர் அந்தப் பச்சைக் கோட்டுக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றார். முகம் சின்னதாகிவிட்டது. பிழைதான் தம்பி, இனி ஒரு வீட்டிலும் வாய் திறக்கமாட்டேன் என்றார். அன்று முழுக்க மணியம்தான் எங்கள் இருவருக்கும் நடுவில் தூது போனான். அவரிடம் கேள், இவனிடம் சொல் என்று பனிக்குள் நடந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அன்று எனக்கு அழுகை வந்தது, அவர் காணக்கூடாது என்று முன்னால் நடந்தேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதன்பிறகு போன வீடுகளில் என் அக்காவைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆனால் புத்தகத்தை விடவில்லை. அன்ட்வெர்ப்பில் தபால் நிலையத்தில் அரை மணி நேரம் நின்றார். ரொட்டர்டாமில் ஒரு மணி நேரம். எதிரே நின்ற நான் அவருடைய விரல் கே எழுத்துப் பக்கத்தில் இறங்குவதைக் கண்டும் காணாதது போல மற்றப் பக்கம் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் புத்தகத்தை மூடிவிட்டு, இந்த ஊரில் நல்ல மனிசர் ஒருத்தரும் இல்லைப் போல என்று மணியத்திடம் சொல்வார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் சொல்வார். பிறகு மூவரும் கடதாசிச் சுருளில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுவோம்.

ஹம்பேர்க் எங்கள் கடைசி ஊர். மூன்றாம் நாள் லண்டனில் விமானம். அதை விட்டால் ரிக்கற் வீண், படிப்பும் ஒரு தவணை பின்தள்ளும். ரயில் காலையில் போய்ச் சேர்ந்தது. நான் ஸ்டேஷனில் பெட்டியின் மேல் இருந்துவிட்டேன். எனக்கு மனம் விட்டுப்போய்விட்டது. அம்மாவுக்கு என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். சொல்வதற்குத்தான் என்ன வழி, அப்பாவின் கந்தோரைத் தாண்டி அந்தப் பதில்கூடப் போகாதே என்றும் நினைத்தேன்.

பக்கத்தில் தபால் கந்தோர் திறந்ததும் அண்ணை உள்ளே போனார். அங்கே புத்தகங்களை ஒரு இரும்புச் சட்டத்தில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். வேண்டியதைத் தூக்கித் திருப்பிப் பார்க்கவேண்டும். கண்ணாடிக்கு அப்பால் அந்தப் பச்சைக் கோட்டின் முதுகு தெரிந்தது. முதுகு அசையவில்லை. எவ்வளவு நேரமோ அப்படியே நின்றார். பிறகு வெளியே வந்து, தம்பி ஒருக்கா வா என்றார். நான் வரவில்லை என்றேன். மணியம் என்னுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

அவருடைய விரல் ஒரு வரியின் கீழே இருந்தது. விரலை எடுக்கப் பயந்தவர் போல நின்றார். ஆங்கில எழுத்தில் கந்தையா என்று இருந்தது. பக்கத்தில் சரோஜினி. ஒரு தெருவின் பெயர். ஒரு நம்பர்.

நான் இரண்டு மூன்று தரம் வாசித்தேன். கலியாணம் முடித்து ஆறு வருடமானவள் அப்பாவின் பெயரில் எப்படி இருப்பாள்? வேறு ஆராவது இருக்கும் என்றேன். கலியாணம் முறிந்துவிட்டதோ என்றும் ஒரு பயம் வந்தது. சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். எட்டே கால்.

“இன்னும் பத்து மணி ஆகேல்லை,” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

“பத்து மணி மற்ற ஆக்களுக்கு,” என்றார் அவர். தன் சட்டத்தை அவர் மீறியதை நான் கண்டது அந்த ஒருதரம்தான். நாணயத்தைப் போட்டு, நம்பரைச் சுழற்றி, மணி அடிக்கத் தொடங்கியதும் ரிசீவரை என் கையில் திணித்துவிட்டார்.

ஒரு பெண் குரல் ஏதோ ஒரு ஜேர்மன் பெயரைச் சொன்னது. அங்கே வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் பேசத் தொடங்குவார்கள் என்பது தெரியாமல், பிழையான இடம் என்று வைக்கப் போனேன். அண்ணை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அக்கா என்றேன். திரும்பவும் அக்கா என்றேன்.

“ஆர்? சின்னவனோ?” என்றாள். “உனக்குக் குரல் உடைஞ்சிட்டுது.”

அவள் லண்டனுக்குப் போனபோது எனக்குப் பன்னிரண்டு வயது. நான் அழத் தொடங்கிவிட்டேன். மணியம் ரிசீவரை வாங்கி, தான் யாரென்றும் சொல்லாமல், அக்கா எந்த டிராம் ஏறணும் என்று கேட்டான்.

கலியாணம் ஒன்றும் முறியவில்லை. கதவைத் திறந்தது இரண்டு ஆள் உயரமான அத்தான். அவருடைய காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு சின்னப்பெண் எங்களைப் பார்த்தது, அப்படியே என் அம்மாவின் முழி. அக்கா என்னைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. ஊர்ப் புதினம் முழுக்கக் கேட்டாள். சோறு வைத்தாள். அண்ணை வழக்கம்போலக் குசினிக்குள் போய் வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அக்கா கேட்டதற்கு, புத்தகத்தில்தான் என்றார் அவர், அதில் என்ன அதிசயம் என்பது போல. அத்தான் இதைக் கேட்டதும் சிரித்துவிட்டு, தன் மொழியில் அக்காவிடம் ஏதோ சொன்னார். அக்கா எங்களுக்குச் சொன்னாள்.

“இவற்ற பெயரில ஒரு வரி கிடக்குது. அதுக்கு மேலால என்ர பெயரிலயும் ஒண்டு போடச் சொல்லி வருஷா வருஷம் எழுதிக் குடுப்பன். இதென்ன ஒருத்தரும் அடிக்காத பெயர் எண்டு இவர் பகிடி பண்ணுவார். எங்கட ஆக்கள் ஆரும் இந்தப் பக்கம் வந்தா, கந்தையா எண்டுதானே தேடுவினம்?”

அண்ணை கத்தியை வைத்துவிட்டார்.

“ஆறு வருஷத்தில ஒருத்தரும் அடிக்கேல்லையோ?”

“போன வருஷம் ஒருத்தன் அடிச்சவன். பிழையான நம்பர்,” என்று அக்கா சிரித்தாள். எனக்குச் சிரிக்க முடியவில்லை. கந்தையாவைத் தேடி என்ன பிரயோசனம் என்று கேட்டவன் நான்தானே. அன்றைக்கு அண்ணை என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்திருந்தால் எனக்கு அது தகும். அவர் பார்க்கவில்லை. பழைய வருடத்துப் புத்தகம் வீட்டில் கிடக்குமா என்று அக்காவிடம் கேட்டார்.

கிடந்தது. ஒரு சவர பிளேட் வாங்கி, அந்த ஒரு தாளை ஓரம் கிழியாமல் வெட்டி எடுத்தார். பென்சிலால் அந்த வரியின் கீழே மெல்லிய கோடு போட்டார். என்னிடம் தந்தார்.

“இதைக் கொப்பருக்கு அனுப்பு. கடிதம் ஒண்டும் வைக்காதை. கடிதமெண்டா அவர் முத்திரை குத்தித் திருப்பிப் போடுவார். இது அவற்ற பெயர் அச்சடிச்ச தாள். திருப்பமாட்டார்.”

உறையில் அப்பாவின் பெயரை எழுதி, தாளை மட்டும் வைத்து, அக்காவின் விலாசத்தைப் பின்புறம் எழுதி, ஹம்பேர்க்கிலேயே தபாலில் போட்டோம். விமானத்தையும் பிடித்தோம். பச்சைக் கோட்டை அண்ணை அக்காவுக்கே கொடுத்துவிட்டு வந்தார். பொத்தான் இனியாவது சரியான பக்கத்தில் இருக்கட்டும் என்றார்.

தாள் திரும்பி வரவில்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு அம்மாவின் கடிதம் மெல்பேணுக்கு வந்தது. அதில் முதல் தடவையாக, அம்மா அறியாமலே அக்காவைத் தொட்ட ஒரு வரி இருந்தது. அப்பா எந்நேரமும் சட்டைப் பையில் ஏதோ ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறார், என்னவென்று கேட்டால் கந்தோர் விசயம் என்கிறார் என்று அம்மா எழுதியிருந்தா. குசினியில் இதைச் சத்தமாக வாசித்தேன். அண்ணை புதிதாக வந்த மெல்பேண் புத்தகத்தின் எஸ் எழுத்தில் இருந்தார். தலை நிமிரவில்லை.

“அது பழைய புத்தகத்துத் தாள். புதுசு வந்தவுடன புதுத்தாளை அனுப்பச் சொல்லிக் கொக்காவுக்கு எழுது,” என்றார்.

எழுதினேன். அக்காவும் ஒவ்வொரு வருடமும் புதுப் புத்தகம் வந்ததும் அந்தத் தாளை வெட்டி அப்பாவுக்கு அனுப்பினாள். ஒரு சொல்லும் எழுதுவதில்லை. அப்பாவும் எழுதுவதில்லை. தாள் திரும்பி வருவதுமில்லை.

அண்ணை இரண்டாவது பட்டத்தையும் முடித்துக்கொண்டு சாம்பியாவில் படிப்பிக்கப் போனார். போன புதிதில் இரண்டு கடிதம் எழுதினார். லுசாக்கா ரெலிபோன் புத்தகம் மிகவும் மெல்லியது என்று ஒன்றில் கவலைப்பட்டிருந்தார். பிறகு எந்த ஊர், என்ன விலாசம், ஒன்றும் தெரியவில்லை. நான் சிட்னிக்கு மாறி வெஸ்ட்மீட்டில் குடியிருந்து, வீட்டில் ரெலிபோன் பூட்ட வந்தவன் பெயரைப் புத்தகத்தில் போடவா என்று கேட்டபோது, போடு என்று கொஞ்சம் கூடுதலான சத்தத்தில்தான் சொன்னேன். சனி, ஞாயிறு பத்து மணிக்கு ரெலிபோன் அடித்தால் இன்றைக்கும் நான்தான் ஓடிப்போய் எடுக்கிறேன்.

அண்ணை சாம்பியாவுக்குப் போன அடுத்த வருடம் அக்காவுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தது. அந்த அமளியில் தாளை அனுப்ப மறந்துவிட்டாள். ஒருநாள் ஹம்பேர்க்கிலிருந்து எனக்கு ரெலிபோன் எடுத்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. அப்பாவிடமிருந்து தபால் அட்டை வந்திருக்கிறது என்றாள். ஒன்பது வருடத்தில் அவர் அவளுக்கு எழுதிய முதல் வரி. வாசித்துக் காட்டு என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்பாவின் கந்தோர்க் குரலிலேயே வாசித்தாள்.

“இவ்வருடத்துக்கான தாள் இன்னும் வந்து சேரவில்லை. தபாலில் தவறியிருக்கக்கூடும். தயவுசெய்து மீண்டும் அனுப்பவும்.”